வெறுங்கண்ணுக்குத் தெரியாத விளக்கு

ஐப்பசி கழிந்து கார்த்திகை புகுந்தால் இத்தீவின் வானம் தாழ்ந்து இறங்கிவிடுகிறது. மற்ற மாதங்களில் இங்கே பெய்யும் மழை கோபக்காரனைப் போன்றது. இடித்துப் பெய்து, சற்று நேரத்தில் வெயிலை விட்டுவிட்டுப் போய்விடும். வாடையோடு வருகிற இந்த மழை அப்படியன்று. நெடுநாள் தங்கிப் போக வந்த உறவைப் போல அது வருகிறது. எப்போது தொடங்கியதென்று எவரும் சொல்ல முடியாது. சிராங்கூன் சாலைப் பூக்கடைகளில் மல்லிகைச் சரங்களின்மீது பிளாஸ்டிக் தாள் விரிகிறது. அடுக்குமாடிகளில் நீட்டிய மூங்கில் கழிகள் துணியின்றி வெறுமையாய் நிற்கின்றன. புக்கிட் பாத்தோக்கின் குன்றுச் சரிவில் மரங்கள் கறுத்துப்போய், தமக்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருப்பவை போலத் தலை கவிழ்கின்றன. பிரிந்தவரை நினைப்பதற்கென்றே ஒரு பருவத்தை முன்னோர் வகுத்து, அதற்குக் காட்டையும் மாலையையும் மழையையும் துணையாகத் தந்தார்கள். இந்நகரில் காடு குறைவு. மாலையோ தெருவிளக்குகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. எஞ்சியிருப்பது மழை ஒன்றே; நினைப்பவர்க்கு அதுவே போதும்.

அவ்வாண்டு கார்த்திகை விளக்கீடு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பிற்பகலில் மயூரா, கெர்பாவ் சாலையிலுள்ள உணவகத்தின் மாடிக்கு ஏறியபோது குடையிலிருந்து வடிந்த நீர் படிதோறும் அவளுக்கு முன்னே இறங்கியது. சட்ட அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருப்பவள். தாயோடு புக்கிட் பாத்தோக்கில் வசிப்பவள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாகியும் அவ்வீட்டில் விளக்கீடு தவறியதில்லை. "பொழுதுபட முதல் வந்திடு பிள்ளை, விளக்கு நான் தனியாக் கொளுத்த மாட்டன்" என்று சொல்லித்தான் தாயார் குணமணி அவளை அனுப்பியிருந்தார்.

மாடியில் நண்பர்கள் கூடியிருந்தனர். மாதத்துக்கு ஒருமுறை, தே தாரிக் தேநீரும் வடையுமாக, ஒரே ஒரு கணினி ஆட்டத்தைப் பற்றி வாதிடுவதற்கென்றே கூடுகிற கூட்டம் அது. வட நாடொன்றில் உருவான அந்த ஆட்டத்துக்கு ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. இவர்கள் அதைத் 'தூரநாடு' என்றே அழைத்தனர். மலையும் காடும் வயலும் கரையும் சுரமுமாய் விரிந்து கிடக்கும் உலகம். எங்கு வேண்டுமானாலும் செல்லலாம். எதை முதலில் செய்வது என்ற கட்டளை கிடையாது. அங்கேயும் பருவங்கள் மாறும். ஆண்டுக்கு ஒருமுறை, இங்கே கார்த்திகை நடக்கையில், அங்கே காட்டு நிலத்தில் கார் தொடங்கும். அந்நாட்டு வழிப்போக்கர் எவரும் தாம் விரும்பிய இடத்தில் சிறு கல்விளக்கு ஒன்றை ஏற்றி வைக்கலாம். அதில் சொல் எழுத இயலாது. சுடரின் நிறம் மட்டும் அவரவர்க்கு உரியது. ஒருமுறை ஏற்றிய விளக்கு அடுத்த மழை வரும் வரை எரியும். பின்னர் அவ்விளக்கைக் கடந்து செல்லும் பிறர், தமக்கு முன்னே ஒருவர் இங்கு நின்றார் என்று அறிந்துகொள்வர். புது மழை இறங்கும்போது பழைய விளக்குகள் அணையும்.

அந்தப் புது மழை அன்று மாலை ஆறரைக்கு இறங்குவதாக இருந்தது. அதனோடு ஒரு மாற்றத்தையும் ஆக்கியோர் அறிவித்திருந்தனர்: செல்லவேண்டிய இடம் வரை தரையிலேயே ஒளிக்கோடு வழிகாட்டும். கூட்டம் இரண்டுபட்டுக் கிடந்ததற்கு அதுவே காரணம்.

மயூரா ஒரு கட்சியின் தலைவி என்றே சொல்லலாம். வரைபடக் குறி, திசைகாட்டி, தூரக்கணக்கு ஆகிய அனைத்தையும் திரையிலிருந்து நீக்கிவிட்டு ஆடுகிறவர்கள் தம்மை 'வெறுங்கண்ணர்' என்று அழைத்துக்கொண்டனர். ஆற்றின் ஒலியைக் கேட்டு ஆற்றை அடைவார்கள். மலையின் தோள் எப்பக்கம் சாய்கிறது என்று பார்த்து வடக்கை அறிவார்கள். நினைத்த ஊருக்கு நொடியில் தாவும் வசதியை அவர்கள் தொடுவதில்லை. அதற்கு வேண்டிய வழிக்கற்களைக்கூடத் தட்டி எழுப்பாமல் தாண்டிப்போவார்கள். திருத்தக் குறிப்புகள் வெளியானால் படிப்பதும் இல்லை. விடையை முன்கூட்டிப் பார்ப்பது போன்ற இழிவு அது என்பது அவர்கள் கொள்கை.

எதிர்க்கட்சியில் அஹமது கபீர் இருந்தார். பல் மருத்துவர், இரட்டைப் பெண்பிள்ளைகளின் தகப்பன். பிள்ளைகள் உறங்கிய பிறகு கிடைக்கிற சிறுபொழுதில் ஆடுபவர்.

"எனக்குக் கெடைக்கிறதே கொஞ்ச நேரம் லா. அதுலயும் காட்டுக்குள்ள வழி தேடிச் சாகணுமா? தொலைஞ்சு போறதெல்லாம் நேரம் இருக்கிறவங்க சொத்து, தங்கச்சி."

எல்லாரும் சிரித்தனர். மயூராவும் சிரித்தாள். ஆனால் விடவில்லை. காட்டப்பட்டு அடைகிற இடம் வெறும் முகவரி. தேடி அடைந்தால்தான் அது இடம் என்றாள். குறி வந்தபின் கண் மலையைப் பார்ப்பதில்லை, குறியையே பார்க்கிறது. பரப்பைப் பெருக்கிவிட்டு அதில் வேலைகளைத் தூவி வைப்பதல்ல உலகம் அமைப்பது. வெறுமையையும் அளந்து வைக்கத் தெரியவேண்டும் என்று நெடிது பேசினாள். உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் அமலா, கூட்டத்தை நடத்துபவள், நேரம் மீறியதற்காக டம்ளரைக் கரண்டியால் தட்டினாள். கபீரோ, வகிடு எடுக்காமல் தலை வாரச் சொல்வது போல இருக்கிறது இந்தக் கொள்கை என்று முணுமுணுத்தார்.

வாதத்தின் நடுவே மயூராவின் பார்வை சன்னலோரத்து நாற்காலிக்கு ஒருமுறை போய்வந்தது. சென்ற கார்த்திகை வரை அதில் நிதீஷ் உட்கார்ந்திருந்தான்.

நிதீஷ் ஈசூன் வட்டாரத்துக்காரன். துவாஸ் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளை இயக்கும் கட்டுப்பாட்டு அறையில் பணி. ஒவ்வொரு சரக்குப் பெட்டிக்கும் ஓர் இடம், ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் என்று பகல் முழுதும் வாழ்ந்தவன் மாலையிலும் குறிகளின் கட்சியையே பேசினான். மயூராவோடு அவன் பேசிய வாதம் ஆட்டத்தில் தொடங்கி, அங்கிருந்து ரயில் நிலையம் வரை நீண்டு, பின்னர் வாதம் என்பதை இருவருமே மறந்த ஒன்றாக மாறியது. ரோட்டர்டாம் துறைமுகத்துக்குச் சில ஆண்டுகள் போகும்படி உத்தரவு வந்த வாரத்தில், இந்த ஊர் இளைஞர் தம் காதலைச் சொல்லும் முறைப்படி, தெங்கா புதுநகரில் அரசு கட்டித்தரும் வீட்டுக்குச் சேர்ந்து விண்ணப்பிக்கலாமா என்று அவன் கேட்டான்.

"பிடிஓ போடலாமா? தெங்காவுல. வீடு வர நாலு வருஷம் ஆகும். நான் திரும்புறதுக்கும் சாவி கெடைக்கிறதுக்கும் சரியா இருக்கும்."

எந்த மாடி, எந்தப் பள்ளிக்கு அருகே, பெற்றோர் வந்தால் எந்த அறை என்று அவன் எண்ணி வைத்திருந்தான். கேட்டவளுக்கு நெஞ்சு நிறைந்தது; நிறைந்த அதே கணத்தில் அச்சமும் எழுந்தது. தன் வாழ்நாள் முழுவதும் ஒரு வரைபடமாகி, அதில் குறிகள் ஒவ்வொன்றாக ஒளிர்வதை அவள் கண்டாள். "எல்லாத்துக்கும் குறி வச்சிட்டே. நான் கண்டுபிடிக்க என்ன மிச்சம் வச்சிருக்கே?" என்று கேலியாகத்தான் கேட்டாள். கேலி அவன்மேல் கேலியாக விழவில்லை.

விமான நிலையத்தில் அவன் ஓர் ஏற்பாடு சொன்னான். தூரநாட்டின் காட்டு நடுவே, விழுதுகள் இறங்கிய ஒற்றைப் பெருமரம் ஒன்று உண்டு. இருவரும் முதன்முதலில் ஒன்றாக நடந்து அடைந்த இடம் அது. வெள்ளிதோறும் அம்மரத்தடியில் ஒரு விளக்கு ஏற்றி வைப்பான். அவள் மனம் துணிந்த நாளில் அருகே தன் விளக்கை ஏற்றினால் அதுவே சம்மதம். அடுத்த மழை வரை ஏற்றாவிட்டால் அதுவும் ஒரு பதில். இடையில் அவன் அழைத்துக் கேட்கப் போவதில்லை. அவளும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை.

"உன் வழியிலேயே வா. குறி எதுவும் வைக்கல," என்றான்.

அவள் மனம் துணிய நெடுநாள் ஆகவில்லை. தைப்பொங்கல் கழிந்ததும் நதியொலி பிடித்து, மலைத்தோள் பார்த்து, அம்மரத்தடிக்குச் சென்றாள். அங்கே விளக்கு இல்லை. அடுத்த வாரமும் சென்றாள். இல்லை. வழியெங்கும்கூட ஒரு விளக்கும் காணப்படவில்லை; மக்கள் ஆட்டத்தை விட்டுப் போய்விட்டனர் என்று எண்ணினாள். விழுதுகளுக்கு இடையே நிழல் மட்டும் நின்றது. புது ஊர், புது வேலை, புது மனிதர் என்று அவள் தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். இல்லாத விளக்கின் அருகே தன் விளக்கை வலிய ஏற்றிவைக்க அவளுக்கு நாணமாக இருந்தது. பங்குனிக்குப் பின் அப்பக்கம் போவதை நிறுத்தினாள். கூட்டங்களில் காட்டின் வெறுமையைப் போற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அன்றும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். இந்த ஓராண்டாகக் காடு எத்துணை அமைதியாக இருக்கிறது, ஓர் அந்நிய விளக்குக்கூட இல்லாத இருளில் நடப்பது எத்துணை பெரிது என்று அவள் சொன்னபோது, கபீர் வடையைத் தட்டில் வைத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தார்.

"வெளக்கு இல்லையா? காடு பூரா வெளக்கு. போன மழை அப்டேட்லயே மாத்திட்டாங்களே, குறியை அணைச்சா வெளக்கும் கண்ணுக்குத் தெரியாதுன்னு. நீங்கதான் பேட்ச் நோட்ஸைத் தொட்டாலே கை கழுவுற ஆளுங்களாச்சே."

மீண்டும் சிரிப்பு. மயூரா சிரிக்கவில்லை. அவள் மெல்லக் கேட்டாள், "பெரிய மரத்தடியில?"

"அதைச் சொல்லு. அங்க ஒருத்தர் பச்சை வெளக்கா ஏத்தி வச்சிருக்காரு, மரத்தைச் சுத்தி. வாராவாரம் ஒண்ணு கூடும். லீவு நாள்ல எம் புள்ளைங்க பக்கத்துல உக்காந்து எண்ணிப் பழகினதே அதுலதான். யாரோ நேர்த்திக்கடன் வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

பச்சை. துறைமுக வாயிலில் கப்பலுக்கு வழி சொல்லும் மிதவையின் நிறம் அது என்று நிதீஷ் ஒருநாள் சொல்லியிருந்தான்.

"இப்பவும் கூடுதா, அண்ணே?"

"ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பார்த்தேன். அப்புறம் ஆட்டத்துக் கதை என்னை வேற பக்கம் இழுத்துட்டுப் போயிருச்சு." அவர் குரலிலிருந்த விளையாட்டு அடங்கியது. அவள் முகத்தில் எதைக் கண்டாரோ, "தங்கச்சி, இன்னிக்கு மழை. எல்லாம் அணைஞ்சிடும்," என்றார்.

அமலா குடையை எடுத்து நீட்டினாள். மயூரா அதை விரிக்கக்கூட மறந்து நிலையம் வரை நனைந்துகொண்டே நடந்தாள்.

பூகிஸ் நிலையத்தில் மாறி மேற்கே செல்லும் ரயிலில் நின்றாள். பெட்டிக்குள் ஈரக்குடைகளின் வாசம் நிறைந்திருந்தது. கதவின்மேல் பதித்த வழிப்படத்தில், அடுத்து வரும் நிலையத்துக்கென ஒரு சிறு ஒளி மினுக்கிக்கொண்டிருந்தது. சிறுவயது முதல் அந்த ஒளியைப் பார்த்தே பள்ளிக்கும் வேலைக்கும் கோயிலுக்கும் போய்வந்திருக்கிறாள். அது வழியைக் கெடுத்ததென்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. எதிர் இருக்கையில் ஒரு முதியவர் அந்த ஒளியையே நம்பி, நிலையப் பெயரைத் தமக்குள் முணுமுணுத்தபடி உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவர், இன்னார் வருவார் என்று முன்னரே எண்ணி அங்கே ஏற்றி வைத்தது அது. காத்திருப்பவன் கையில் வேறென்ன உண்டு என்று அவள் நினைத்தாள்.

வீட்டில் தாயார் அகல்களைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்து, திரி திரித்துக்கொண்டிருந்தார். நனைந்து வந்த மகளைக் கண்டு ஒரு துவாலையை நீட்டினார். "கொஞ்ச நேரம் பொறுங்கோ அம்மா," என்று மட்டும் சொல்லி, அதை வாங்கிக்கொண்டு அறைக்குள் சென்றாள் மயூரா.

ஆட்டத்தைத் திறந்தாள். குறிகளை நீக்கி வைத்திருந்த விசையைத் தேடி, சற்றே தயங்கி, குறிகளை மீண்டும் இயக்கினாள்.

தூரநாடு ஒளிர்ந்தது. அவள் நின்றிருந்த ஆற்றங்கரையிலேயே, அவள் காலடியில், ஒரு செந்நிறச் சுடர் எரிந்துகொண்டிருந்தது. அக்கரையில் மூன்று. மலைச்சரிவில் மின்மினிக் கூட்டம் போல எண்ணற்றவை. வெறுமை என்று ஓராண்டாக அவள் நடந்த காட்டுக்குள், ஒற்றையடிப் பாதையின் இருபுறமும், பாறை இடுக்கிலும், அருவியின் கீழும், முன்னே சென்றவர்கள் பின்னே வருபவர்க்கென விளக்கு வைத்திருந்தார்கள். தனிமை என்று அவள் கொண்டாடியது பெருங்கூட்டத்தின் நடுவே அவள் கண்ணை மூடிக்கொண்டு நடந்த நடை.

மரத்தடிக்கு நொடியில் தாவ முயன்றாள். முடியவில்லை, எந்த வழிக்கல்லையும் அவள் எழுப்பி வைத்ததில்லை. நடந்துதான் செல்லவேண்டும். வரைபடத்தில் அம்மரத்தின்மேல் ஒரு குறியை வைத்தாள். தன் கையால் அவள் வைத்த முதல் குறி அது. பின்னர் ஓடினாள்.

காட்டின் விளிம்பை அடைந்தபோது நேரம் வந்துவிட்டது. வானம் கறுத்து, அவ்வுலகத்தின் முதல் துளிகள் விழுந்தன. மலைச்சரிவின் சுடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்குவதை அவள் கண்டாள். மழை அவளுக்குப் பின்னால் ஓடிவந்தது. பாதையின் விளக்குகள் அவள் கடந்த மறுகணமே அவிந்தன. விழுதுகளின் இடையே பச்சையொளி தெரிந்தது.

கபீர் சொன்னது மெய். மரத்தைச் சுற்றி வட்டமாக வைத்து, வட்டம் நிறைந்தபின் அதற்கு உள்ளே வட்டம், அதற்கும் உள்ளே மற்றொன்று என்று, அடிமரத்தை நோக்கி நெருங்கிச் சென்றன விளக்குகள். பழையவற்றின் கல்லில் பாசி படிந்திருந்தது. உள்ளே செல்லச் செல்லப் பாசி குறைந்தது. வேரின் மடியில் இருந்த கடைசி விளக்கின் கல், புதிதாக வெட்டியெடுத்தது போல வெண்மையாக இருந்தது. சென்ற வெள்ளிக்கிழமையில் ஏற்றியது அது. அவன் நிறுத்தியிருக்கவில்லை. ஒரு வாரமும் நிறுத்தியிருக்கவில்லை.

வெளிவட்டம் அணைந்தது. அடுத்த வட்டமும் அணைந்தது. மயூரா வேரின் அருகே மண்டியிட்டு, அந்த வெண்கல்லை ஒட்டித் தன் விளக்கை வைத்தாள். மஞ்சள் சுடர் எழுந்தது. ஒரு மூச்சுப் பொழுது பச்சையும் மஞ்சளும் அருகருகே எரிந்தன. பிறகு பச்சை அவிந்தது. மழைக்குள் பிறந்ததாகையால் அவள் விளக்கு மட்டும் நின்றது. இனி அது அடுத்த கார் வரை நிற்கும்.

அவள் கைப்பேசியை எடுத்தாள். அழைக்கமாட்டேன் என்றவன் அவன்தான். எழுதக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. அவள் நாணம்தான் அப்படிச் சொல்லிவந்தது. எழுதினாள்: 'விளக்கை இன்றுதான் பார்த்தேன். குறிகளை அணைத்து வைத்திருந்ததால் ஓராண்டாகக் கண்ணில் படவில்லை. மழை தொடங்கியபின் வந்து, உன் கடைசி விளக்கின் பக்கத்தில் ஏற்றியிருக்கிறேன். தெங்காவே போடு.'

செய்தி சென்றது. படித்ததற்கான அடையாளம் வரவில்லை. அங்கே நண்பகல், அவன் பணியில் இருப்பான். கட்டுப்பாட்டு அறைக்குள் கைப்பேசி கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தைமுதல் வெறுமரத்தைப் பார்த்து அவள் பட்ட வேதனையை, துணை சேராத தன் விளக்குகளைப் பார்த்து அவனும் வாரந்தோறும் பட்டிருக்கிறான். காத்திருப்பவன் இனி அவனல்லன். சில நாழிகையோ, நெடுநாளோ, அது அவளுடைய முறை. மழை வந்து கெடு கடந்ததால் அவன் மனம் மாறியிருந்தாலும் அவ்விளக்கு அங்கே நிற்கும். அதை அவள் அணைக்கப்போவதில்லை.

"பிள்ளை, பொழுதுபட்டிட்டுது."

திரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். தாயும் மகளும் அகல்களைத் தட்டில் ஏந்தி வெளித்தாழ்வாரத்துக்கு வந்தார்கள். நல்லெண்ணெயின் மணம் ஈரக்காற்றில் கலந்தது. வாசலின் இருபுறமும், சன்னல் விளிம்பிலும், பூந்தொட்டிகளின் இடையிலும் ஒவ்வொன்றாக வைத்தனர். தட்டில் ஓர் அகல் மிஞ்சியது. மயூரா அதை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கோடி வரை நடந்து, மின்தூக்கியிலிருந்து வெளிவருபவர் எவர்க்கும் முதலில் தெரியும்படி சுவரோரத்தில் இறக்கி வைத்தாள். சாரல் படாமல் இரு கைகளாலும் சுடரைப் பொத்தி, அது நிமிரும் வரை குனிந்தே இருந்தாள். கண்ணை மூடியபோது வேண்டுதல் எதுவும் சொல்லாக வரவில்லை. உள்ளங்கைகளில் சூடு மட்டும் இருந்தது. அதையே கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

திரும்பி வந்தவளின் நெற்றியில் தாயார் திருநீறு இட்டார். அந்த விளக்கு யாருக்கென்று அவர் கேட்கவில்லை. கோடியில் தனித்து எரிந்த சுடரை நெடுநேரம் பார்த்துவிட்டு, மகளின் தலையில் கை வைத்து மெல்லச் சொன்னார்:

"எந்த ஊரில நிண்டாலும் நல்லா இருக்கட்டும். இருட்டில தடுமாறாமல், வெளிச்சம் பார்த்து, வரவேண்டிய வாசலுக்கு வந்து சேரட்டும். நீயும் நல்லா இரு பிள்ளை."